சொன்னதை நம்பும் டிரைவர்: எட்டுக்கால் நினைவகச் சில்லும் அதன் முகவரிகளும்

ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வீசும் காற்றைப் பற்றித் தோவாளை வட்டத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. முப்பந்தலைச் சுற்றி நிற்கும் காற்றாலைகளுக்கு அந்தக் காற்றுதான் முதல். அங்கே காற்றின் வேகத்தை அளக்க நட்டிருக்கும் ஒரு கம்பத்தை எடுத்துக்கொள்வோம். உச்சியில் கிண்ணங்கள் சுழலும் காற்றுமானி. அடியில் பூட்டிய பெட்டி. பெட்டிக்குள் லினக்ஸ் இயக்க முறைமை ஓடும் சிறிய கணினிப் பலகை. அந்தப் பலகையின் ஓரத்தில் 5 மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத, எட்டுக் கால் கொண்ட ஒரு கறுப்புச் சில்லு. காற்றுமானியின் சுழற்சியை வேகமாக மாற்றுவதற்கான அளவுத்திருத்த எண்கள் அதற்குள் இருக்கின்றன.

எண்கள் என்றால் பெரிய கணக்கெல்லாம் இல்லை, சில பைட்டுகள்தான். ஆனால் காற்றிலிருந்து கிடைக்கும் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு நேர் விகிதத்தில் இருப்பதால், வேகத்தை 3 சதவீதம் கூட்டிக் காட்டினால் ஆற்றல் கணக்கு 9 சதவீதத்துக்கு மேல் ஏறிவிடும். அந்தச் சில பைட்டுகளை இயக்க முறைமை சரியாகப் படிக்க வேண்டும் என்பதில் எல்லோருக்கும் அக்கறை உண்டு. எப்படிப் படிக்கிறது என்று கேட்டால்தான் பதில் வராது.

இந்தச் சில்லுக்குத் தன் பெயரைச் சொல்லத் தெரியாது. தன் கொள்ளளவு எவ்வளவு, தன் உள்முகவரி எத்தனை பிட் என்பதும் அதனிடமிருந்து வராது. சில்லோடு பேசும் லினக்ஸ் நிரலான டிரைவரும் ஊகிப்பதில்லை. பலகையை வடிவமைத்தவர் எழுதி வைத்த விவரத்தை அப்படியே நம்புகிறது. விவரம் தவறாக இருந்தால் பெரும்பாலும் பிழைச்செய்தி எதுவும் வராது. தரவு மட்டும் தொலைந்துபோகும்.

இரண்டு அடுக்கு முகவரி

சில்லின் வகைக்கு ஈஈப்ராம் என்று பெயர். மின்சாரம் நின்றாலும் எழுதியதை மறக்காது. மின்சாரத்தாலேயே அழித்து மறுபடி எழுதலாம். 24சி02, 24சி32, 24சி256 என்று 24-இல் தொடங்கும் வரிசையைப் பல குறைகடத்தி நிறுவனங்கள் தயாரிக்கின்றன. இவை கணினியோடு பேசுவது ஐ2சி என்னும் இரட்டைக் கம்பித் தடத்தில். பிலிப்ஸ் நிறுவனம் 1982-இல் உருவாக்கிய முறை இது. ஒரு கம்பியில் துடிப்பு, மற்றொன்றில் தரவு. தொலைக்காட்சிப் பெட்டிக்குள் சில்லுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளப் பயன்பட்ட இந்தத் தடம் இன்றைக்கு மடிக்கணினி முதல் மழைமானி வரை எங்கும் இருக்கிறது.

அந்த இரண்டு கம்பியில் பல சில்லுகள் தொங்கும். யாரைக் கூப்பிடுகிறோம் என்று சொல்ல 7 பிட் முகவரி உண்டு. 7 பிட்டில் 128 எண்கள்; இரு ஓரங்களிலும் எட்டெட்டு எண்கள் சிறப்புப் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டிருப்பதால் மிச்சம் 112. ஈஈப்ராம் சில்லுகளுக்கு இதில் முதல் நான்கு பிட் நிலையானது: 1010. மீதி மூன்று பிட்டைச் சில்லின் 1, 2, 3-ஆம் கால்களை மின்னழுத்தத்தோடோ தரையோடோ இணைத்துப் பலகைக்காரர் தீர்மானிக்கிறார். ஆகவே இவற்றின் முகவரி எப்போதும் பதினாறு நிலை எண்முறையில் (9-க்குப் பின் ஏ முதல் எஃப் வரை எழுத்துகளால் எண்ணுவது) 50 முதல் 57 வரைக்குள் அடங்கும். இனி இக்கட்டுரையில் வரும் தட முகவரிகள் எல்லாம் பதினாறு நிலை எண்கள்தாம்.

தொடக்கநிலையில் எல்லோரும் இடறும் கல் ஒன்று இங்கே கிடக்கிறது. சில்லுத் தயாரிப்பாளரின் தரவுத்தாளில் முகவரி பெரும்பாலும் ஏ0 என்றும் ஏ1 என்றும் இருக்கும். 7 பிட் முகவரிக்குப் பின்னால் ‘படிக்கவா, எழுதவா’ என்னும் எட்டாவது பிட்டையும் ஒட்டி எழுதிய கணக்கு அது. லினக்ஸுக்கு வேண்டியது ஒட்டாத 7 பிட், அதாவது 50. ஏ0 என்று எழுதினால் 7 பிட்டுக்குள் அடங்காத எண் என்று லினக்ஸின் மைய நிரலான கெர்னல் முகத்திலடித்தாற்போல் மறுத்துவிடும். நிம்மதியான பிழை இது. கண்ணுக்குத் தெரிகிற பிழை எதுவானாலும் எனக்குச் சம்மதம்.

முதல் அடுக்கு அவ்வளவுதான். சில்லைக் கண்டுபிடித்த பிறகு, அதற்குள் எந்த இடம் என்று சொல்ல இரண்டாவது அடுக்கு வேண்டும். வில்லங்கம் எல்லாம் இங்கேதான்.

24சி02-இல் 256 பைட்டுகள். ஒரு பைட் முகவரி போதும். 24சி32-இல் 4,096 பைட்டுகள். ஒரு பைட்டில் 255-க்கு மேல் எண்ண முடியாது. எனவே முகவரியை இரண்டு பைட்டாக அனுப்ப வேண்டும், மேல் பைட் முதலில், கீழ் பைட் அடுத்து. நம் ஊர்ப் பஞ்சாயத்துகளில் கதவு எண் 5/123 என்று இருக்குமே, அதுபோலத்தான்: முதலில் வார்டு, பிறகு வீடு. ஒரே வார்டு உள்ள ஊரில் வார்டு எண் எதற்கு? சின்னச் சில்லுக்கு வெறும் வீட்டு எண். பெரிய சில்லுக்கு இரண்டும். ஒன்றுக்கு உரியதை மற்றொன்றிடம் சொன்னால் தபால் எங்கே போகும் என்பதைக் கீழே பார்ப்போம்.

நடுவில் மாட்டிக்கொண்டவை 24சி04, 24சி08, 24சி16. முறையே 512, 1,024, 2,048 பைட்டுகள். இவற்றுக்கும் உள்முகவரி ஒரு பைட்தான்! மிச்ச பிட்டுகளை எங்கே வைப்பது? தட முகவரியின் கடைசி மூன்று பிட்டிலிருந்து கடன் வாங்கிக்கொண்டார்கள். 24சி04 இரண்டு தட முகவரிகளைப் பிடித்துக்கொள்ளும், 24சி08 நான்கை, 24சி16 எட்டையும். 24சி16 ஒன்றைத் தடத்தில் தொங்கவிட்டால் 50 முதல் 57 வரை முழுக் குடியிருப்பும் அதற்கே. அதன் முகவரிக் கால்களைத் தரையில் இணைத்தாலும் மின்னழுத்தத்தில் இணைத்தாலும் ஒன்றும் மாறாது. உள்ளே அவற்றுக்கு வேலையே இல்லை. மறுமுனையில் 1 மெகாபிட் கொண்ட 24சி1024-க்கும் இதே கதி: இரண்டு பைட் முகவரியில் 65,536 பைட்டுகள்தான் அடங்கும் என்பதால் அதுவும் இரண்டு தட முகவரிகளைப் பிடிக்கிறது.

இந்தக் கடன் கணக்கை லினக்ஸ் டிரைவர் சாமர்த்தியமாகக் கையாளுகிறது. அறிவிக்கப்பட்ட கொள்ளளவை 256-ஆலோ 65,536-ஆலோ வகுத்து, எத்தனை தட முகவரி தேவை என்று பார்த்து, மீதிக்கு டம்மி சாதனங்களைப் பதிவு செய்து இடம் பிடித்து வைக்கிறது. மேலே இருந்து பார்க்கும் நிரலுக்கு எல்லாம் சேர்ந்து ஒரே கோப்பு. 300-ஆவது பைட்டைக் கேட்டால், 51-ஆம் முகவரியில் 44-ஆவது இடம் என்று டிரைவர் மாற்றிக்கொள்ளும். ஆனால் இந்தக் கணக்குக்கு அடிப்படை ‘அறிவிக்கப்பட்ட’ கொள்ளளவு. அறிவித்தது யார் என்பதுதான் கேள்வி.

ஏன் தானாகக் கண்டுபிடிக்கக் கூடாது?

நாகர்கோவிலில் பொறியியல் மாணவர்களுக்கு இதைச் சொல்லும்போது தவறாமல் வரும் கேள்வி இது. யுஎஸ்பி பென் டிரைவைச் செருகினால் கணினி தானாக அடையாளம் காண்கிறதே? காண்கிறது, ஏனென்றால் யுஎஸ்பி சாதனம் தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் கேட்டவுடன் ஒப்பிக்கும்; அந்தத் தடத்தின் விதியே அப்படி. கணினிக்குள் செருகும் பிசிஐ அட்டைகளும் ஒப்பிக்கும். ஐ2சியில் அந்த வழக்கம் இல்லை. முகவரியைக் கூப்பிட்டால் ‘உண்டு’ என்று ஒரு பிட் பதில் வரும். யார் என்று வராது.

முகவரியை வைத்து ஊகிக்கலாமா? கூடாது. பிசிஎஃப்8563 என்னும் கடிகாரச் சில்லு 51-இல் உட்கார்ந்திருக்கும். 50 முதல் 57 வரை இருப்பதெல்லாம் ஈஈப்ராம்தான் என்று நம்பி அதில் எழுதினால் மணி மாறிப்போகும். கொஞ்சம் எழுதிப் பார்த்துக் கொள்ளளவைக் கண்டுபிடிக்கலாமா? சோதிக்கும் செயலே தரவைக் கெடுக்கும் அபாயம் உண்டு. இதற்குக் கசப்பான முன்னுதாரணம் இருக்கிறது. ஐபிஎம் திங்க்பேட் மடிக்கணினிகள் பலவற்றில் அட்மெல் நிறுவனத்தின் 24ஆர்எஃப்08 என்னும் ஈஈப்ராம் இருந்தது. தடத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க ஒரு சிறு ‘விரைவு எழுத்து’க் கட்டளையை அனுப்பும் தேடல் முறையால் அந்தச் சில்லின் உள்ளடக்கமே சிதைந்தது. தடத்தைத் துழாவும் லினக்ஸ் கருவி ஈஈப்ராம் இருக்கக்கூடிய முகவரிகளில் எழுத்துக்குப் பதில் படிப்பைக் கொண்டு சோதிப்பதற்கும், அதன் கையேட்டில் அந்த எச்சரிக்கை இன்றும் இருப்பதற்கும் பின்னணி இதுதான்.

2008-இல் கெர்னலுக்குள் வந்த ஏடி24 டிரைவர் இந்தச் சூட்டை மறக்கவில்லை. டேவிட் பிரவுனெல் தொடங்கி, வுல்ஃப்ராம் சாங் முடித்துச் சேர்த்த டிரைவர் அது. வெவ்வேறு நிறுவனச் சில்லுகள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று மாற்றாகப் பயன்படும், ஆனால் அமைப்பு விவரம் தவறினால் தரவு போகும் என்று மூல நிரலின் தலைக்குறிப்பிலேயே சொல்லிவிட்டுத்தான் அது வேலையைத் தொடங்குகிறது. பலகைக்கு உரிய விவரத்தை மனிதர் வெளிப்படையாகத் தர வேண்டும், டிரைவர் ஊகிக்காது என்பதே அதன் கொள்கை. சோம்பேறித்தனம் என்று சிலர் இதைக் கேலி செய்வார்கள். தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ளாத மென்பொருள் அபூர்வம் என்பது என் கட்சி.

விவரம் எழுதும் இடம் காலத்தால் மாறியது. முன்பு ஒவ்வொரு பலகைக்கும் கெர்னலுக்குள்ளேயே ஒரு சி நிரல் கோப்பு இருந்தது. ஏஆர்எம் வகைச் செயலி கொண்ட பலகைகள் பெருகப் பெருக அந்தக் கோப்புகள் காடாக வளர்ந்தன. 2011-இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இந்த நிலைமையைப் பகிரங்கமாகக் கடிந்துகொண்டார். அதன் பிறகு ஏஆர்எம் உலகமும் டிவைஸ் ட்ரீ முறைக்கு வேகமாக மாறியது. பலகையில் என்னென்ன, எங்கெங்கே இருக்கின்றன என்பதைக் கெர்னலுக்கு வெளியே ஓர் உரைக்கோப்பில் எழுதி, தொகுத்து, துவக்கும்போது கெர்னலிடம் கொடுப்பது இதன் வழி.

ஈஈப்ராமுக்கு அங்கே எழுத வேண்டியது நாலைந்து வரி. ‘கம்பாட்டிபிள்’ என்ற வரியில் சில்லு எந்த வகையோடு பொருந்தும் என்று, உதாரணமாக அட்மெல் 24சி256 என்று. ‘ரெஜ்’ வரியில் தட முகவரி. ‘பேஜ்சைஸ்’ வரியில் ஒரே மூச்சில் எத்தனை பைட் எழுதலாம் என்று. தேவைப்பட்டால் ‘சைஸ்’, ‘அட்ரஸ்-விட்த்’, ‘ரீட்-ஒன்லி’. கம்பாட்டிபிள் பெயரைப் பார்த்தே கொள்ளளவையும் முகவரி 8 பிட்டா 16 பிட்டா என்பதையும் டிரைவர் தன் அட்டவணையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஒரு பெயருக்குள் இத்தனை பொருள் பொதிந்திருப்பதால்தான் கைக்கு வந்த பெயரைப் போடுவது ஆபத்து.

கதவு எண் மாறினால்

கடலோரத்தில் பலகைகளின் ஆயுள் குறைவு. குளச்சலிலோ முட்டத்திலோ இரண்டு பருவம் வெளியில் கிடந்த பலகையைத் திறந்தால் சில்லின் கால்கள் பச்சை பூத்திருக்கும். பழுதுபார்க்கும் கடையில் பழைய பலகையிலிருந்து கழற்றிய ஒரு சில்லை வைத்து ஒட்டிவிடுவார்கள். ‘எல்லாம் 24 வரிசைதானே, அண்ணாச்சி’ என்று பதில் வரும். கால்களைப் பொறுத்தவரை அது உண்மைதான்: எட்டாவது காலில் மின்சாரம், நாலாவது தரை, ஐந்தும் ஆறும் தடம், ஏழு எழுத்துத் தடை. 24சி02-உம் 24சி32-உம் வெளியில் இருந்து பார்க்க இரட்டைப் பிள்ளைகள். உருப்பெருக்கி வைத்துப் பகுதி எண்ணைப் படித்தால்தான் வித்தியாசம்.

டிவைஸ் ட்ரீ 24சி02 என்கிறது. பலகையில் இருப்பதோ 24சி32. 16-ஆம் இடத்தில் 75 என்ற மதிப்பை எழுதச் சொல்கிறோம். டிரைவர் 16 என்ற பைட்டையும் 75 என்ற பைட்டையும் அனுப்பிவிட்டுத் தடத்தை மூடுகிறது. சில்லு எதிர்பார்ப்பது இரண்டு பைட் முகவரி. 16-ஐ மேல் பைட்டாக எடுத்துக்கொள்கிறது, 4,096 பைட்டுக்கு 12 பிட் போதும் என்பதால் மேல் நான்கு பிட்டைத் தள்ளிவிடுகிறது, மிஞ்சுவது 0. அடுத்து வந்த 75-ஐக் கீழ் பைட்டாக எடுத்துக்கொள்கிறது. இப்போது 75-ஆம் இடத்தைச் சுட்டிக்கொண்டு தரவுக்காகக் காத்திருக்கிறது. தரவு வரவில்லை, தடம் மூடிவிட்டது. எதுவும் எழுதப்படவில்லை. ஆனால் இரண்டு பைட்டுக்கும் சில்லு ‘பெற்றேன்’ என்று ஒழுங்காகச் சொல்லிவிட்டது. டிரைவரும் மேலே ‘எழுதியாயிற்று’ என்று சொல்லிவிடுகிறது. யாரும் பொய் சொல்லவில்லை.

பல பைட்டுகளைச் சேர்த்து எழுதினால் இன்னும் மோசம். முதல் தரவு பைட் முகவரியாகிக் காணாமல் போகும். மீதி உண்மையிலேயே எழுதப்படும், அந்த முதல் பைட் சுட்டிய இடத்தில். தரவு எங்கே உட்காருவது என்பதைத் தரவே முடிவு செய்கிறது!

தலைகீழ் நிலை இதைவிடக் கொடிது. டிவைஸ் ட்ரீ 24சி32 என்கிறது, இருப்பது 24சி02. 16-ஆம் இடத்தில் 75 எழுத டிரைவர் 0, 16, 75 என்று மூன்று பைட் அனுப்பும். சின்னச் சில்லுக்கு முகவரி ஒரே பைட்: 0. அடுத்த 16 அதற்குத் தரவு. 0-ஆம் இடத்தில் 16 என்று எழுதிவிடுகிறது. 75 போய் 1-ஆம் இடத்தில் உட்காருகிறது. நாளை 40-ஆம் இடத்தில் எழுதினாலும் மேல் பைட் 0 தான், ஆகவே 40 என்ற எண்ணே 0-ஆம் இடத்தில் தரவாகப் பதியும். 256-க்கு உட்பட்ட எந்த இடத்தில் எழுதினாலும் எல்லாம் வாசலிலேயே விழும். வாசலில் பொதுவாக என்ன இருக்கும்? பலகையின் அடையாளம், பதிப்பு எண், அளவுத்திருத்த அட்டவணையின் தலைப்பு. முதலில் சாவது அவைதாம்.

படித்தால் மட்டும் பாதுகாப்பா? அதற்கும் உறுதி இல்லை. 16 பிட் முறையில், அதாவது இரண்டு பைட் முகவரியில், படிக்க டிரைவர் முதலில் இரண்டு முகவரி பைட்டுகளை அனுப்பி, தடத்தை மூடாமலே மறுபடி தொடங்கிப் படிப்புக்கு மாறும். சின்னச் சில்லின் பார்வையில் அந்த இரண்டாவது பைட் எழுத வந்த தரவு. தடம் மூடப்படும்போதுதான் உண்மையான எழுத்து தொடங்கும் என்பதால் பல நேரம் தப்பித்துவிடும். நடுவில் ஏதோ ஒரு காரணத்தால் தடம் மூடப்பட்டால் படிக்கப் போன இடத்தில் எழுதிவிட்டு வருவோம்.

பக்கத்தின் விளிம்பு

பேஜ்சைஸ் வரியைப் பலரும் வேக அமைப்பு என்று நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. ஈஈப்ராம் ஒரு பைட் எழுதினாலும் ஒரு பக்கம் முழுக்க எழுதினாலும் உள்ளே பதித்து முடிக்க ஏறத்தாழ 5 மில்லிவினாடி எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் கூப்பிட்டால் பதில் சொல்லாது. டிரைவர் விட்டுவிட்டுக் கூப்பிட்டுப் பார்த்து, இயல்பாக 25 மில்லிவினாடி வரை பொறுமை காக்கும். பேஜ்சைஸ் எழுதாமல் விட்டால் டிரைவர் 1 என்று வைத்துக்கொள்கிறது. 24சி256-இன் 32,768 பைட்டையும் ஒவ்வொன்றாக எழுதினால் காத்திருப்பு மட்டும் 163 வினாடிக்கு மேல். 64 பைட் பக்கமாக எழுதினால் 512 பக்கம், இரண்டரை வினாடி. சின்ன எண் போட்டால் மெதுவாக நடக்கும், கெடாது.

பெரிய எண் போட்டால் கெடும். சில்லுக்குள் எழுதும்போது முகவரி எண்ணி பக்கத்துக்குள் மட்டுமே முன்னேறும். விளிம்பைத் தொட்டதும் அதே பக்கத்தின் தொடக்கத்துக்குத் திரும்பும். 24சி32-இன் பக்கம் 32 பைட். அதற்கு 64 என்று அறிவித்து 64 பைட் எழுதினால், முதல் 32 எழுதி, அடுத்த 32-ஐ அதன் தலைமேலேயே எழுதிவிடும். படிக்கும்போது இந்த மடக்கு கிடையாது. படிப்பு பக்கம் கடந்து நேராகப் போகும். எனவே திரும்பப் படித்தால் முதல் பாதியில் இரண்டாம் பாதியும், இரண்டாம் பாதியில் பழைய குப்பையும் இருக்கும். ஒரே பகுதி எண்ணிலும் நிறுவனத்துக்கு நிறுவனம் பக்கம் மாறலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 2 கிலோபிட் சில்லான 24சி02-இல் அட்மெல் பக்கம் 8 பைட், எஸ்டி நிறுவனத்தின் எம்24சி02-இல் 16. எஸ்டி சில்லைக் கழற்றிவிட்டு அட்மெல் சில்லை ஒட்டினால் கம்பாட்டிபிள் வரி பொருந்தும், பேஜ்சைஸ் வரி பொருந்தாது.

கெர்னல் பதிவு சொல்வதும் சொல்லாததும்

கணினி துவங்கும்போது கெர்னல் பதிவில் ‘32768 பைட் 24சி256 ஈஈப்ராம், எழுதலாம், ஒரு எழுத்துக்கு 64 பைட்’ என்ற பொருளில் ஒரு வரி வரும். பார்த்தவுடன் மனது ஆறுதல் அடையும்: சில்லு அகப்பட்டது, கொள்ளளவும் சரி. அந்த ஆறுதலுக்கு ஆதாரம் மிகக் குறைவு. டிரைவர் செய்த ஒரே சோதனை, ஒரு பைட்டைப் படித்துப் பார்த்ததுதான். பதில் வந்தது, யாரோ இருக்கிறார்கள். மற்ற எண்களெல்லாம் நீங்கள் டிவைஸ் ட்ரீயில் எழுதியதன் எதிரொலி. உங்கள் கையெழுத்தை உங்களுக்கே காட்டிச் சான்று வழங்குகிறது அது.

எழுதாமலே உண்மையைக் கண்டறிய ஒரு வழி இருக்கிறது. அறிவித்த கொள்ளளவு முழுவதையும் ஒரு கோப்பில் படித்து வைத்து, உள்ளடக்கம் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பார்க்க வேண்டும். 16 பிட் குடும்பத்துக்குள் சின்னச் சில்லு இருந்தால் மேல் பிட்டுகளை அது கண்டுகொள்ளாது. 32,768 என்று அறிவித்த இடத்தில் 4,096 பைட்டின் எட்டுப் பிரதிகள் வரும். அப்படி வந்தால் டிவைஸ் ட்ரீ பொய் சொல்கிறது. காலியான சில்லில் எல்லாம் 255 ஆகவே வரும் என்பதால் இந்தச் சோதனை அங்கே பயன்படாது. உருப்பெருக்கியைத்தான் எடுக்க வேண்டும்.

மாணவர் செயல்திட்டங்களில் இது எல்லாமே ஒரு சின்ன நீலப் பலகையில் கூடி வரும். டிஎஸ்3231 என்னும் துல்லியமான கடிகாரச் சில்லு, பக்கத்தில் பேட்டரி, அதே பலகையில் போனஸாக ஒரு 24சி32. மழைமானி, தண்ணீர்மட்டக் காட்டி, ரப்பர் பால் எடை பதிவு என்று எந்தத் திட்டமானாலும் மணி பார்க்க இந்தப் பலகையைத்தான் வாங்குகிறார்கள். கடிகாரம் 68-இல் பேசும். ஈஈப்ராம் 50-இல் இருக்கும் என்று தேடினால் அகப்படாது. மூன்று முகவரிக் கால்களும் மின்னழுத்தத்தோடு இணைந்திருப்பதால் அது 57-இல் உட்கார்ந்திருக்கிறது. பலகையிலுள்ள மூன்று சிறு திட்டுகளை ஈயம் வைத்து இணைத்தால் அந்தக் கால்கள் தரைக்கு இறங்கி முகவரி குறையும். தேடி 57-ஐக் கண்டுபிடித்துவிடும் மாணவர்கூட, எங்கோ பார்த்த எடுத்துக்காட்டில் 24சி02 என்று இருந்தால் அதையே போட்டுவிடுகிறார். எழுதியதும் திரும்ப வராது. உடனே சில்லு போலி என்று கடைக்காரர்மேல் பழி விழும்.

இந்தக் குழப்பத்தை ஒப்பந்தத்தால் தீர்த்தவர்களும் உண்டு. ராஸ்பெரி பை கணினியின் மேலே பொருத்தும் அட்டைகளில் அடையாள ஈஈப்ராம் 50-இல்தான் இருக்க வேண்டும், 16 பிட் முகவரி வகையாகத்தான் இருக்க வேண்டும், அதற்கென்று ஒதுக்கிய தனித் தடத்தில்தான் இருக்க வேண்டும் என்று விதி வகுத்துவிட்டார்கள். பீகிள்போன் என்னும் சிறு கணினிப் பலகைக்காரர்கள் 54 முதல் 57 வரை நான்கு முகவரிகளை மேலட்டைகளுக்கு ஒதுக்கினார்கள். நான்கு அட்டைக்கு மேல் அடுக்க முடியாததன் காரணம் அதுவே. மேசைக் கணினியின் ரேம் அட்டை ஒவ்வொன்றிலும் இதே 50 முதல் 57 முகவரிகளில் ஒரு சிறு ஈஈப்ராம் இருக்கிறது. டிடிஆர்4 தலைமுறை ரேம் காலத்தில் அதன் அளவு 512 பைட் ஆனபோது உள்முகவரி ஒரு பைட்டாகவே நீடித்தது. 256 பைட் கொண்ட இரண்டு பாதிகளில் எதைப் படிப்பது என்பதை 36, 37 என்ற தனி முகவரிகளைக் கூப்பிட்டு மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. அங்கே லினக்ஸுக்குத் தனி டிரைவரே வேண்டியிருந்தது.

மூன்று பைட்டா, நான்கா

இதே நோய் ஃபிளாஷ் நினைவகத்தில் வந்தால் பலகையே எழுந்திருக்காது. ரூட்டர், கண்காணிப்புக் கேமரா போன்றவற்றில் துவக்க நிரல் இருப்பது எஸ்பிஐ என்னும் வேறொரு தடத்தில் தொங்கும் நார் வகை ஃபிளாஷ் சில்லில். அதற்கும் பெரும்பாலும் எட்டுக் கால்தான். அதன் முகவரி வழக்கமாக மூன்று பைட், 24 பிட். அதில் 16 மெகாபைட் வரைதான் எண்ண முடியும். 32 மெகாபைட் சில்லுகள் வந்தபோது நான்காவது பைட் தேவைப்பட்டது. சில தயாரிப்பாளர்கள் நான்கு பைட் முகவரிக்கென்றே தனிக் கட்டளைகளைச் சேர்த்தார்கள். அது சிக்கல் இல்லாத வழி. வேறு சிலவற்றில் சில்லையே நான்கு பைட் நிலைக்கு மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு யாரும் திருப்பி மாற்றாவிட்டால் மின்சாரம் போகும் வரை அது அந்த நிலையிலேயே நிற்கும்.

லினக்ஸ் துவங்கியதும் சில்லை நான்கு பைட் நிலைக்கு மாற்றுகிறது. எல்லாம் நன்றாக ஓடுகிறது. ஒரு நாள், நிரல் உறைந்துவிட்டதா என்று காவல் காக்கும் வாட்ச்டாக் கடிகாரம் கணினியை மட்டும் மறுதுவக்கம் செய்கிறது. ஃபிளாஷுக்கு மின்சாரம் போகவில்லை. செயலியின் உள்ளே பொறித்த துவக்க நிரலுக்குத் தெரிந்தது மூன்று பைட் முகவரி மட்டுமே. அது மூன்று அனுப்ப, சில்லு நான்காவதுக்குக் காத்திருக்க, இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது: மென்பொருள் வழியாக ரீபூட் செய்தால் பெட்டி உறைகிறது, பிளக்கைப் பிடுங்கிச் செருகினால் எழுகிறது. நாகர்கோவில் மேசையில் இருக்கும் பெட்டிக்குப் பிளக்கைப் பிடுங்கலாம். தேங்காய்ப்பட்டணத்திலிருந்து புறப்பட்டு ஆழ்கடலில் நிற்கும் படகிலோ, பேச்சிப்பாறை மலைச்சரிவில் ஒரு கம்பத்திலோ மாட்டிய பெட்டிக்கு யார் போய்ப் பிடுங்குவது?

இத்தகைய பலகைகளுக்கென்று டிவைஸ் ட்ரீயில் ‘புரோக்கன்-ஃபிளாஷ்-ரீசெட்’ என்று ஒரு வரி உண்டு. பலகையில் ஃபிளாஷின் ரீசெட் கம்பி சரியாக இணைக்கப்படவில்லை என்று அது கெர்னலிடம் ஒப்புக்கொள்கிறது. கெர்னலும், நல்லபடியாக மறுதுவக்கம் நடக்கும்போது சில்லை மூன்று பைட் நிலைக்குத் திருப்பிவிட்டுப் போகிறது; கூடவே, எதிர்பாராத மறுதுவக்கத்திலிருந்து மீளாமல் போகலாம் என்று பதிவேட்டில் எச்சரிக்கையும் எழுதுகிறது. வாட்ச்டாக் கடிக்கும் மறுதுவக்கம் அந்த எதிர்பாராத வகையில்தான் சேரும். அதற்கு டிவைஸ் ட்ரீயில் எழுத எந்த வரியும் இல்லை. செயலியின் ரீசெட் கம்பியிலிருந்து ஃபிளாஷின் ரீசெட் காலுக்கு ஒரு செம்புக்கோடு போட வேண்டும், அல்லது தனிக் கட்டளை உள்ள சில்லாக வாங்க வேண்டும். இரண்டும் பலகை அச்சுக்குப் போகும் முன்பு செய்ய வேண்டியவை.